மாவுக் கடைல லித்தியம் பேட்டரி: 14 மாச ரிவ்யூ, கூடவே மத்திய அரசுக்கு ஒரு கோரிக்கை

மார்க்கை முதல்ல சொல்லிடுறேன். பேட்டரிக்கு 5க்கு நாலரை, கூட வந்த இன்வெர்ட்டருக்கு மூணு, வாங்கின கடைக்கு நாலு, சர்வீஸுக்கு ரெண்டு. 14 மாசம் தினமும் வேலை வாங்கிட்டு எழுதுறேன்.

கம்பெனி பேர் எழுதல. பெங்களூர் எஸ்பி ரோடு கடைகள்ல நாலு கம்பெனி சரக்கு பார்த்தேன், நாலுலயும் வெளில பேர்தான் வேற, உள்ள இருக்கிற செல் எல்லாம் சைனா. கடைக்காரரே பெட்டியைத் திறந்து செல் மேல இருந்த எழுத்தைக் காட்டினார், மறைக்கல. அந்த நேர்மைக்குத்தான் கடைக்கு நாலு. அந்த எழுத்தைப் பார்த்ததுலேர்ந்து மனசுல ஓடிட்டு இருக்கிறதையும் சேர்த்துத்தான் இதை எழுதுறேன், அதனால வெறும் பேட்டரி ரிவ்யூ வேணும்னா முதல் பாதி போதும், ஆனா ரெண்டாவது பாதியையும் படிங்கன்னு கேட்டுக்கிறேன்.

எங்களுக்கு பெங்களூர் லிங்கராஜபுரம். கீழ மாவுக் கடை, மேல வீடு. அம்மா 19 வருஷமா இட்லி மாவு அரைச்சு விக்கிறாங்க, நான் டிப்ளமோ எலெக்ட்ரிக்கல் முடிச்சு கொஞ்ச நாள் வெளில வேலை பார்த்துட்டு இப்ப கடையைத்தான் பார்த்துக்கிறேன். ஏப்ரல் மே மாசம் சாயங்காலம் மழை ஆரம்பிச்சா மரக்கிளை கம்பில விழும், கரண்ட் போகும், அது சரியா நாங்க உளுந்து போட்ட நேரமா இருக்கும். மாவு வேலை தெரிஞ்சவங்களுக்கு இது புரியும். அரிசி பாதில நின்னா பரவால்ல, உளுந்து பாதில நிக்கக் கூடாது. நின்னா சூடாயிடும், அப்புறம் எவ்ளோ ஐஸ் தண்ணி ஊத்தினாலும் பொங்காது, மறுநாள் இட்லி தட்டையா வந்துச்சுன்னு கஸ்டமர் வந்து சொல்லுவாங்க. ஒரு தடவை சொல்லிட்டு அடுத்த தடவை வேற கடைக்குப் போயிடுவாங்க.

முன்னாடி 150 ஏஹெச் ட்யூபுலர் பேட்டரி, அதாவது ஆசிட் ஊத்தின ஈய பேட்டரி, ரெண்டு வச்சிருந்தோம். கணக்குக்கு 3600 வாட் அவர், ஆனா ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல இறக்கினா ஆயுசு போயிடும், அதனால கைக்குக் கிடைக்கிறது 1800. ஒரு கிரைண்டர், ஒரு ஃப்ரிட்ஜ், லைட்டு ஃபேன் எல்லாம் சேர்த்து 750 வாட் வரும். புதுசுல ரெண்டு மணி நேரம் நின்னுச்சு, மூணாவது வருஷம் 35 நிமிஷம். மாசா மாசம் டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தணும், ஊத்துறப்ப ஆசிட் தெறிச்சுத் தரைல வெள்ளை வெள்ளையா புள்ளி, அந்த வாடை. சாப்பிடுற பொருள் செய்யுற இடத்துல அந்த வாடை அம்மாவுக்குப் பிடிக்கவே பிடிக்காது. பத்தடி தள்ளி மாடிப்படிக்குக் கீழ வச்சும் தீரல.

புதுசு 25.6 வோல்ட் 100 ஏஹெச் எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட். 2560 வாட் அவர், அதுல தொண்ணூறு சதவீதம் தைரியமா எடுக்கலாம். அதே 750 வாட் லோடுக்கு ரெண்டரை மணி நேரம் நிக்குது, 14 மாசத்துல அது குறையவே இல்ல, மூணு தடவை கடிகாரம் வச்சு அளந்தேன். பழைய பேட்டரி முழுசா சார்ஜ் ஆக ராத்திரி முழுக்க ஆகும், இது மூணு மணி நேரத்துக்குள்ள நிரம்பிடுது, அதனால ஒரே நாள்ல ரெண்டு தடவை கரண்ட் போனாலும் சமாளிக்க முடியுது. பழசு ஒண்ணைத் தூக்க ரெண்டு ஆள் வேணும், இதை நான் ஒருத்தனே தூக்கிச் சுவர்ல மாட்டினேன். பேட்டரி 52,000, இன்வெர்ட்டர் 14,500, பழசு ரெண்டையும் கொடுத்து 9,000 கழிச்சோம். காசு அதிகம்தான், ஆனா ட்யூபுலர் மூணு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், இது ஆயிரக்கணக்கான தடவை ஏத்தி இறக்கலாம், கணக்குப் போட்டா இதுதான் மலிவு.

குறையையும் சொல்லணும். வந்து மாட்டின ஆள் இன்வெர்ட்டரை ட்யூபுலர் மோட்லயே விட்டுட்டுப் போயிட்டார். எட்டு செல்லுக்கு 29.2 வோல்ட்தான் உச்சம், ட்யூபுலர் மோட் அதுக்கு மேல தள்ளும், உடனே உள்ள இருக்கிற பிஎம்எஸ், அதாவது பேட்டரியைக் கண்காணிக்கிற சர்க்யூட், பாதுகாப்புக்காக கட் பண்ணிடும், மொத்த வீடும் இருட்டு. முதல் வாரம் மூணு தடவை இப்படி ஆச்சு. சர்வீஸுக்குப் போன் பண்ணா பதினோராவது நாள்தான் வந்தாங்க, அதுக்குள்ள நானே மேனுவலைப் படிச்சு மாத்திட்டேன். வாங்குறவங்க முதல் நாளே நின்னு லித்தியம் மோட் வச்சிருக்கான்னு பாத்துடுங்க. இன்வெர்ட்டர் ஃபேன் சத்தமும் ஜாஸ்தி.

அடுத்த குறைதான் என்னை இவ்ளோ தூரம் எழுத வச்சது. இன்வெர்ட்டர்ல பேட்டரி எவ்ளோ இருக்குன்னு அஞ்சு கோடு காட்டும். அஞ்சு கோடும் ரெண்டு மணி நேரம் அப்படியே நிக்கும், திடீர்னு ரெண்டாகும், அப்புறம் ஆஃப். முதல்ல டிஸ்ப்ளே கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். என் தங்கச்சி ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தப்ப காட்டினேன். அவ பேட்டரி வேதியியல்ல பிஎச்டி பண்றா, நாலாவது வருஷம்.

“அண்ணா, இது கெட்டுப்போகல. இந்தப் பேட்டரியோட குணமே இதான்”னா. தண்ணி கொதிக்க ஆரம்பிச்சா கடைசி சொட்டு ஆவியாகுற வரைக்கும் சூடு ஏறாம ஒரே இடத்துல நிக்குதுல்ல, அது மாதிரிதான் இதுவும்னா. செல்லுக்குள்ள இருக்கிற கறுப்புப் பொடில லித்தியம் நிரம்பின பகுதி ஒண்ணு, காலியான பகுதி ஒண்ணு, இந்த ரெண்டே நிலைதான், இறக்க இறக்க ஒண்ணு குறைஞ்சு இன்னொண்ணு கூடுது. அந்த ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கிற வரைக்கும் வோல்ட்டேஜ் நகராது. வோல்ட்டேஜைப் பார்த்து அளவு சொல்ற மீட்டர் அதனாலதான் ஏமாறுது. ஓடின கரண்ட்டை எண்ணிக் கணக்கு வைக்கிற மீட்டர் வாங்கி மாட்டுன்னா. மாட்டினேன், சரியா காட்டுது. வாங்குறவங்க அதையும் சேர்த்தே வாங்கிடுங்க.

அதோட விடல அவ. இதைக் கண்டுபிடிச்ச கதையைச் சொன்னா, அன்னைக்கு உளுந்து ஊறப் போட மறந்துட்டேன்.

இரும்பு மலிவு, விஷம் இல்ல, அதனால இரும்பை வச்சு பேட்டரி செய்யணும்னு எல்லாருக்கும் ஆசை, ஆனா சாதாரண இரும்பு ஆக்சைடுல போதுமான வோல்ட்டேஜ் கிடைக்காது. 1980கள்ல ரெண்டு பேர் ஒரு சின்ன கேள்வி கேட்டாங்க. இரும்பைச் சுத்தி இருக்கிற ஆக்சிஜனோட கந்தகத்தையோ டங்ஸ்டனையோ மாலிப்டினத்தையோ சேர்த்துக் கட்டினா என்ன ஆகும்? மாலிப்டினம், டங்ஸ்டன் வச்சப்ப 3 வோல்ட் வந்துச்சு, கந்தகம் வச்சப்ப, அதாவது இரும்பு சல்ஃபேட்ல, 3.6 வோல்ட். பக்கத்துல யார் இருக்காங்கங்கிறதைப் பொறுத்து அதே இரும்பு வேற மாதிரி நடந்துக்குது. 1987லயும் 1989லயும் அதைக் கட்டுரையா போட்டாங்க. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் அமெரிக்க விஞ்ஞானி ஜான் குட்இனஃப். இன்னொருத்தர் நம்ம ஆளு, ஆறுமுகம் மந்திரம். தமிழ்நாட்டுல அமராபுரம்னு ஒரு சின்ன ஊர்ல பிறந்து, மதுரைல படிச்சு, ஐஐடி மெட்ராஸ்ல பிஎச்டி முடிச்சு, ஆக்ஸ்ஃபோர்டு போய் குட்இனஃப் கூட சேர்ந்து, அவரோடவே டெக்சாஸ் போனவர். 2019ல லித்தியம் பேட்டரி வேலைக்காக குட்இனஃபுக்கு 97 வயசுல நோபல் கிடைச்சப்ப, ஸ்டாக்ஹோம்ல அவர் சார்பா நோபல் உரை கொடுத்தது மந்திரம்தான். எனக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது, என் வீட்டுச் சுவர்ல மாட்டியிருக்கு, தெரியல.

அந்தக் கேள்வியோட தொடர்ச்சியாத்தான் 1997ல கந்தகத்துக்குப் பதிலா பாஸ்பரஸ் வச்சு, இப்ப என் மாடிப்படிக்குக் கீழ இருக்கிற பொருள் வந்துச்சு. அந்தக் கட்டுரைலயும் குட்இனஃப் கூட பாதி (Padhi), நஞ்சுண்டசாமின்னு ரெண்டு இந்தியப் பேர். பாஸ்பரஸ் ஆக்சிஜனை இறுக்கிப் பிடிச்சுக்கிறதால சூடானாலும் ஆக்சிஜன் லேசுல வெளில வராது, அதனால மத்த லித்தியம் பேட்டரி மாதிரி சட்டுனு தீப்பிடிக்காது. அம்மா நிக்கிற இடத்துக்குப் பத்தடில இதை வைக்க எனக்கு தைரியம் வந்தது அதனாலதான். 1989ல அந்த இரும்பு சல்ஃபேட்டை அளந்தவங்க லிங்கராஜபுரத்து மாவுக் கடையை நினைச்சிருக்க முடியுமா? இரும்பு ஏன் அப்படி நடந்துக்குதுன்னு தெரிஞ்சுக்கணும், அவ்ளோதான். அடிப்படை ஆராய்ச்சின்னா இதுதான், இதுக்கு எந்தக் கடைக்காரனும் காசு தர மாட்டான், தரணும்னு எதிர்பார்க்கவும் கூடாது, அவன் அடுத்த மாச வாடகையைப் பார்க்கணும்.

கம்பெனிகளும் செஞ்சிருக்காங்க, இல்லைன்னு சொல்லல. 1970கள்ல பெட்ரோல் நெருக்கடி வந்தப்ப எக்ஸான்ங்கிற பெட்ரோல் கம்பெனில விட்டிங்ஹாம்னு ஒருத்தர் லித்தியம் பேட்டரி செஞ்சார், அவருக்கும் அதே 2019 நோபல்ல பங்கு. ஆனா நெருக்கடி தீர்ந்து வியாபாரக் கணக்கு மாறினதும் அந்தக் கம்பெனி அதை விட்டுடுச்சு. வியாபாரம்னா அப்படித்தான், நானும் விக்காத மாவை அரைக்க மாட்டேன். யாராவது முப்பது நாப்பது வருஷம் பொறுமையா காசு போட்டுட்டே இருக்கணும்னா அது அரசாங்கத்தாலதான் முடியும். டெக்சாஸ்ல ரசாயன ஆராய்ச்சிக்குன்னே காசு தர்ற வெல்ச் அறக்கட்டளை மாதிரி சிலது உண்டு, நம்ம பெங்களூர்லயும் இந்திய அறிவியல் கழகம், அதான் ஐஐஎஸ்சி, 1909ல ஆரம்பிச்சதே ஜாம்ஷெட்ஜி டாடா எழுதி வச்ச சொத்துலயும் மைசூர் அரசு கொடுத்த 371 ஏக்கர் நிலத்துலயும்தான். ஆனா இன்னைக்கு அந்த அளவுக்குக் கை நீட்டுற ஆளுங்க எத்தனை பேர்?

அரசாங்கக் காசு சரியா போகலைன்னா என்ன ஆகும்னும் இதே கதைல இருக்கு. குட்இனஃப் முதல்ல அமெரிக்க ராணுவக் காசுல நடக்கிற லிங்கன் ஆய்வுக்கூடத்துல இருந்தார். ராணுவக் காசுல நடக்கிற ஆராய்ச்சி ராணுவத்துக்கு நேரடியா உதவணும்னு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்ல ஒரு திருத்தம் கொண்டு வந்தாங்க. எரிசக்தி வேலையைத் தொடர அங்க வழி இல்லாம அவர் 1976ல ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கிளம்பினார், இப்ப நம்ம எல்லார் போன்லயும் இருக்கிற பேட்டரியோட முக்கியமான பொருளை 1980ல அங்கதான் கண்டுபிடிச்சார். “இது இப்ப எதுக்கு உதவும்”னு கேட்டு ஒரு மனுஷனை இழந்துட்டாங்க. அதுக்கு அப்புறம் அதே அமெரிக்கா எரிசக்தித் துறைக்குள்ளயே அடிப்படை எரிசக்தி அறிவியலுக்குன்னு தனிப் பிரிவு வச்சு நடத்துது. வருஷத்துக்குச் சுமார் 250 கோடி டாலர். அதுல அஞ்சு பெரிய எக்ஸ்ரே மெஷின், நியூட்ரான் மெஷின் எல்லாம் ஓடுது, ரிசல்ட்டை வெளில போடுறேன்னு சொன்னா உபயோகிக்கிறதுக்குக் காசு கிடையாது. லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட்ல கரண்ட் சரியா ஓடாதுங்கிற சிக்கலை எடுத்துக்கிட்டு அமெரிக்காவோட எம்ஐடில நடந்த அடிப்படை வேலைக்கு அந்தப் பிரிவு காசு கொடுத்துச்சு, அங்கிருந்து ஏ123னு ஒரு கம்பெனி வந்து, டிவால்ட் டிரில்லிங் மெஷின்ல அந்த செல் போச்சு.

அந்த ஏ123 கம்பெனி 2012ல திவால் ஆச்சு, ஒரு சைனாக் கம்பெனி வாங்கிடுச்சு. ஃபேக்டரி கட்ட அரசாங்கம் கொடுத்த காசும் அதுல உண்டு. அப்ப அமெரிக்கா காசு போட்டு சைனா சம்பாதிக்குதேன்னு நீங்க கேட்பீங்க, நானும் கேட்டேன். தங்கச்சி சொன்ன பதில் எனக்கு சரின்னு படுது. அடிப்படை ஆராய்ச்சி ஊருக்கு நடுவுல இருக்கிற கிணறு மாதிரி, யார் வேணா தண்ணி எடுக்கலாம், ஆனா கயிறும் குடமும் உன்கிட்ட இருக்கணும். அந்தக் கட்டுரைகளைப் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டு, அதுல இல்லாத நுணுக்கத்தைத் தானே கண்டுபிடிச்சு, ஃபேக்டரி வரைக்கும் கொண்டு போற அளவுக்கு ஆயிரக்கணக்கான ஆளுங்களை சைனா பல வருஷமா காசு போட்டு உருவாக்கி வச்சிருந்துச்சு. நம்மகிட்ட மந்திரம் மாதிரி ஆளுங்க பிறந்தாங்க, ஆனா இங்க உட்கார்ந்து அதைச் செய்ய வசதி இல்ல.

நம்ம மத்திய அரசு எரிசக்திக்குக் காசே போடலன்னு சொன்னா அது பொய். வீட்டு மாடில சோலார் போட பிஎம் சூர்ய கர் திட்டத்துக்கு 75,021 கோடி, மூணு கிலோவாட் போட்டா 78,000 மானியம், எங்க தெருலயே ரெண்டு வீட்ல போட்டிருக்காங்க, நல்ல திட்டம். பேட்டரி ஃபேக்டரி வர்றதுக்கு 2021ல 18,100 கோடி ஊக்கத்தொகை. அதுவும் வேணும். 2025 ஜூலைல ஆராய்ச்சிக்குன்னு 1 லட்சம் கோடி நிதிக்குக் கேபினட் ஒப்புதல் கொடுத்துச்சு, கேட்டப்ப எனக்கு அவ்ளோ சந்தோஷம். அப்புறம் விவரம் படிச்சேன். அது தனியார் கம்பெனிகளுக்குக் கம்மி வட்டில தர்ற கடனும் முதலீடும், அதுலயும் தொழில்நுட்பம் நாலாம் படிலயோ அதுக்கு மேலயோ இருக்கணும். இந்தப் படிக்கணக்கு 1லேர்ந்து 9 வரைக்கும், ஒண்ணுன்னா வெறும் யோசனை, ஒன்பதுன்னா கடைல விக்கிற சரக்கு. 1989ல அந்த இரும்பு சல்ஃபேட் எந்தப் படில இருந்திருக்கும்? ஒண்ணு, ரொம்பப் போனா ரெண்டு. அதுக்கு இதுல ஒரு ரூபாய் கிடைக்காது.

ஒண்ணு ரெண்டு மூணாம் படிக்கு இருக்கிறது அனுசந்தான் அறக்கட்டளை, ஏஎன்ஆர்எஃப், 2023ல சட்டம் போட்டாங்க. அஞ்சு வருஷத்துக்கு 50,000 கோடின்னு சொன்னாங்க, ஆனா அதுல அரசாங்கம் தர்றதா சொன்னது 14,000 கோடி, மீதி 36,000 கோடி கம்பெனிகள் மாதிரி வெளி இடங்கள்லேர்ந்து வரும்னு கணக்கு. அதுவும் எரிசக்திக்கு மட்டும் இல்ல, எல்லா அறிவியலுக்கும். 2020-21 கணக்குப்படி நாடு மொத்தமா ஆராய்ச்சிக்குச் செலவு பண்றது ஜிடிபில 0.64 சதவீதம்தான், அரசு தனியார் எல்லாம் சேர்த்து. அமெரிக்கா மூணு சதவீதத்துக்கு மேல, சைனா ரெண்டு சதவீதத்துக்கு மேல, தென்கொரியா அஞ்சு சதவீதம் பக்கம். நம்ம ஏழை நாடு, முதல்ல சோறு அப்புறம் ஆராய்ச்சின்னு சொல்றவங்க மேல எனக்குக் கோபம் இல்ல, ஆனா நான் ஒத்துக்க மாட்டேன், எங்க தாத்தாவால.

தாத்தா கேஜிஎஃப்ல, அதாவது கோலார் தங்க வயல்ல, சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல வேலை பார்த்தவர். அந்த ஊரே வட ஆற்காடு, தர்மபுரி பக்கத்துலேர்ந்து போன நம்ம ஜனங்கதான். 1960கள்ல பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க, ஜப்பான், இங்கிலாந்து ஆளுங்களோட சேர்ந்து ரெண்டு கிலோமீட்டருக்கும் கீழ பெட்டி பெட்டியா கருவி இறக்கினாங்க. வானத்துலேர்ந்து வர்ற நியூட்ரினோங்கிற நுண்துகளைப் பிடிக்க. 1965ல பிடிச்சும் காட்டினாங்க, காத்து மண்டலத்துல உண்டாகுற நியூட்ரினோவை உலகத்துல முதல்ல பார்த்த ரெண்டு இடத்துல ஒண்ணு நம்ம கேஜிஎஃப், இன்னொண்ணு தென்னாப்பிரிக்கா. “வானத்தைப் பாக்கிறதுக்குப் பாதாளத்துக்கு வந்தாங்கடா”ன்னு தாத்தா அடிக்கடி சொல்லுவார், கருவியை இறக்கின கூண்டுல அவரும் கை கொடுத்தாராம், அதுல அவருக்கு அவ்ளோ பெருமை. நாடு அமெரிக்கா கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துட்டு இருந்த காலம் அது. அப்பவே நம்மால அதுக்குக் காசு ஒதுக்க முடிஞ்சது. இன்னைக்கு ஏன் முடியாது?

தங்கச்சி விஷயத்துக்கு வர்றேன். அவளோட படிப்பு, லேப் எதோட பேரையும் நான் எழுதல. சோடியம் பேட்டரிக்கான பொடி செய்யுறா. லித்தியத்தை நம்ம வெளிநாட்டுலேர்ந்துதான் வாங்கணும், சோடியம் அப்படி இல்ல, உப்புல இருக்கிறதே அதான், உப்புக்கு தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கம் போய்ப் பார்த்தா பாத்தி பாத்தியா கிடக்கு. அந்தப் பொடியைப் பால் மில்னு ஒரு மெஷின்ல பன்னெண்டு மணி நேரம் அரைக்கணும், அப்புறம் ஆர்கான் வாயுல சூடு பண்ணணும், அப்புறம் அளக்கணும், சரியா வராது, திரும்ப அரைக்கணும். அம்மா ஒரு நாள் கேட்டாங்க, “நாலு வருஷமா ஒரே பொடியை அரைக்கிறியே பாப்பா, எப்ப விப்ப?” அவ சிரிச்சுக்கிட்டே, “நீ அரைச்சது மறுநாள் பொங்கும்மா, நான் அரைக்கிறது இருபது வருஷம் கழிச்சுப் பொங்கலாம், பொங்காமலும் போகலாம்”னா. அம்மா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் “அப்ப உனக்கு அதுவரைக்கும் சோறு யார் போடுறது”ன்னாங்க.

அந்தக் கேள்விதான் எல்லாத்துக்கும் மேல. பிஎச்டி பண்றவங்களுக்குத் தர்ற சீனியர் ஃபெலோஷிப் மாசம் 42,000, 2023 ஜனவரிலேர்ந்துன்னு கணக்கு வச்சு உயர்த்தினாங்க. போன வருஷம் அவளுக்கு அது அஞ்சு மாசம் வரல. அஞ்சு மாசம். மெஸ் பில், பஸ் செலவு எல்லாம் அம்மா மாவு வித்த காசுலேர்ந்து போச்சு. எங்க வீட்ல கடை இருக்கு, கொடுத்தோம். அவ கூட இருக்கிற ஒரு பொண்ணு வீட்ல கொடுக்க வழி இல்ல, அந்தப் பொண்ணு படிப்பைப் பாதில விட்டுட்டு ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போயிடுச்சு, மூணு வருஷம் அது கத்துக்கிட்டது என்ன ஆச்சு? பாதி அரைச்ச உளுந்துதான், திரும்பக் கரண்ட் வந்தாலும் அது பழைய மாதிரி ஆகாது. இதை நினைச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது.

மெஷின் விஷயமும் அப்படித்தான். பேட்டரி ஓடிட்டு இருக்கிறப்பவே உள்ள சோடியம் எப்படி நகருதுன்னு பார்க்க சிங்க்ரோட்ரான்னு பெரிய எக்ஸ்ரே மெஷின் வேணும். நம்ம நாட்டுல அது இந்தூர்ல மட்டும்தான், அதுல பெருசு இண்டஸ்-2. அதை விட நுணுக்கமா பார்க்கணும்னா ஜெர்மனில ஹாம்பர்க் போகணும், அங்க நம்ம ஆளுங்க போய் வேலை செய்ய மத்திய அரசே காசு கொடுக்குது, ஏற்பாடு பண்றது நம்ம பெங்களூர் ஜக்கூர்ல இருக்கிற ஜேஎன்சிஏஎஸ்ஆர்ங்கிற ஆராய்ச்சி நிலையம். நல்ல ஏற்பாடு, இருக்கட்டும். ஆனா விசா எடுத்து, பொடியைப் பொட்டலம் கட்டி, அஞ்சு நாள் கிடைச்சா அஞ்சு ராத்திரியும் தூங்காம அளந்துட்டு வரணும், ஒண்ணு தப்பாப் போனா திரும்ப ஒரு வருஷம் காத்திருக்கணும்.

இவ்ளோ சிரமத்துக்கு நடுவுலயும் வேலை நடக்குது. 2025ல அதே ஜேஎன்சிஏஎஸ்ஆர்ல ஆறு நிமிஷத்துல 80 சதவீதம் ஏறுற, 3000 தடவைக்கு மேல தாங்குற சோடியம் அயான் பேட்டரி செஞ்சு காட்டினாங்க, எங்க வீட்லேர்ந்து பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர்தான். அதுல இருக்கிற பொருள் நாசிகான்னு ஒரு வகை. அந்த வகையை 1976ல முதல்ல செஞ்சது யார்னா அதே லிங்கன் ஆய்வுக்கூடத்துல ஹாங்கும் குட்இனஃபும்தான், அவர் அங்கிருந்து கிளம்பின அதே வருஷம். கிட்டத்தட்ட அம்பது வருஷம் கழிச்சு ஜக்கூர்ல பொங்குது. தங்கச்சி இதைச் சொன்னப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு.

அதனால நான் கேட்கிறது இதுதான். மானியமும் ஃபேக்டரியும் இருக்கட்டும், அதோட பக்கத்துலயே எரிசக்தி அடிப்படை அறிவியலுக்குன்னு மத்திய பட்ஜெட்ல தனிக் கணக்கு வேணும், வருஷா வருஷம் குறையாம, எதுக்கு உதவும்னு முதல் வருஷமே கேட்காம, குறைஞ்சது அஞ்சு வருஷத்துக்கு ஒரேயடியா. ஃபெலோஷிப் மாசம் முதல் தேதி அக்கவுண்ட்ல விழணும், கரண்ட் பில் மாதிரி, தள்ளிப்போகவே கூடாது. இன்னொரு சிங்க்ரோட்ரான் வேணும். மாநில அரசாலயோ ஒரு யூனிவர்சிட்டியாலயோ இது முடியாது, அவங்க பட்ஜெட் அப்படி. அமெரிக்கால ஓட்டு இருக்கிற நம்ம சொந்தக்காரங்க நிறைய பேர் இருக்கீங்க, அங்கயும் அந்த அறிவியல் காசை வெட்டணும்னு பேச்சு வந்துட்டே இருக்கு, உங்க காங்கிரஸ் உறுப்பினர் ஆபீசுக்கு ஒரு போன் போடுங்க. அங்க அளந்தது இங்க லிங்கராஜபுரத்துல உளுந்து அரைக்குது.

நான் எங்க தொகுதி எம்பிக்கு லெட்டர் எழுதிட்டேன். தமிழ்ல எழுதினேன், தங்கச்சி இங்கிலீஷ்ல மாத்தினா, ஒன்றரைப் பக்கம், பேட்டரி போட்டோவும் செல் மேல இருக்கிற எழுத்தோட போட்டோவும் பின் பண்ணி தபால்ல அனுப்பினேன். அக்னாலெட்ஜ்மென்ட் கார்டு திரும்பி வந்துடுச்சு, பதில் இன்னும் வரல, மூணு வாரம் ஆகுது. அடுத்த மாசம் நேரா ஆபீசுக்கே போகப் போறேன், அம்மாவும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க.

பேட்டரியைப் பொறுத்தவரைக்கும், வாங்கலாம். லித்தியம் மோட் பாருங்க, கரண்ட் எண்ணுற மீட்டர் சேர்த்து வாங்குங்க, ஃபேன் சத்தத்துக்குப் படுக்குற ரூமுக்கு வெளில மாட்டுங்க. நேத்து ராத்திரி எட்டேகாலுக்குக் கரண்ட் போய் பத்துக்குத்தான் வந்துச்சு, உளுந்து நிக்கல.